கோப்பு ஏறிக்கொண்டே இருக்கும் வீட்டுக்கு எந்த ரவுட்டர் தாங்கும்?

வட்டக்கச்சியில் என் சித்தியின் மகன் கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறவன். வெட்டி ஒட்டும் வேலை முழுக்க வீட்டின் பின்னறையில் நடக்கும். முடிந்த வேலை ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் போக வேண்டும், காசு கட்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு நாள் பின்னேரம் ஆறு மணிக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, எல்லா லைட்டும் பச்சையா எரியுது. ஒண்டும் திறக்குதில்லை. தங்கச்சிக்கு ஏழு மணிக்கு சூம் கிளாஸ் இருக்கு."

ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடச் சொன்னேன். சரியாகிவிட்டது. எட்டே முக்காலுக்குத் திரும்பவும் எடுத்தான்.

கிளிநொச்சியில் நெட்வேர்க் வேலை செய்கிற எனக்கு இந்தக் கேள்வி மாங்குளத்திலிருந்தும் வருகிறது, புதுக்குடியிருப்பிலிருந்தும் வருகிறது. வீடியோ அனுப்புகிறவர்கள், டொரன்டில் (ஒரே கோப்பைப் பலரின் கணினிகளோடு துண்டு துண்டாக மாற்றிக்கொள்ளும் முறை) பெரிய கோப்புகளை இறக்கிப் பகிர்கிறவர்கள், அறிவியல்நகரில் படித்துக்கொண்டு வீட்டிலிருந்தே கனதியான கோப்புகளோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். "ஆறு அன்ரனா உள்ளதை வாங்கவா, வைஃபை 6 வாங்கவா, மைக்ரோடிக் நல்லது என்கிறாங்களே, அதை வாங்கவா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்புப் பகிர்வில் ரவுட்டர் விழுவதற்கும் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வைஃபை வேகத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பைத் தாங்கும், வெளியே போகக் காத்துநிற்கும் தரவின் வரிசையை, அதாவது ஏற்றுவரிசையை, எப்படி நடத்தும், கரண்ட் போய் வரும்போது என்ன ஆகும் என்ற மூன்றையும் வைத்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

இணைப்புப் பட்டியல். வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் ரவுட்டர் தன் நினைவகத்தில் ஒரு வரியாக எழுதி வைக்கும். எந்தக் கணினி, எந்த வெளி முகவரி, எந்தக் கதவு எண் என்று. ஒரு வலைப்பக்கம் திறந்தால் சில பத்து வரிகள். டொரன்ட் ஓடினால் நூற்றுக்கணக்கில் போகும். சிக்கல் என்னவென்றால், மறுமுனை சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனாலும் அந்த வரி உடனே அழியாது. பல ரவுட்டர்களுக்குள் ஓடும் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் இயல்பு அமைப்பில், நிறுவப்பட்ட ஒரு டிசிபி (இணையத்தின் வழமையான இணைப்பு முறை) இணைப்பின் வரி 5 நாள் வரை இருக்கும். மைக்ரோடிக்கில் 1 நாள். கம்பனியின் மென்பொருளுக்குப் பதிலாக ரவுட்டரில் ஏற்றும் ஓப்பன்வர்ட் என்ற மென்பொருளில் 7,440 விநாடி, அதாவது இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ரேம் குறைந்த பெட்டியில் இந்தப் பட்டியல் சின்னது. நிரம்பிவிட்டால் புதிய வரி எழுத இடமில்லை.

இதன் அடையாளத்தை ஒருமுறை கண்டால் மறக்க மாட்டீர்கள்: ஏற்கனவே ஏறிக்கொண்டிருக்கும் கோப்பு ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் புதிதாக எந்தப் பக்கமும் திறக்காது. லைட் எல்லாம் பச்சை. நிப்பாட்டிப் போட்டால் பட்டியல் வெறுமையாகும், ஆகவே சரியாகும். மறுபடி நிரம்பும் வரைக்கும்தான்.

ஏற்றுவரிசை. இது வேறு நோய். இங்கே எல்லாம் திறக்கும், ஆனால் இழுத்து இழுத்துத் திறக்கும், சூமில் குரல் உடையும். காலபோக அறுவடை நேரம் பரந்தன் பக்கம் நெல் மூட்டை ஏற்றிய ட்ரக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வாசலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிள். அதற்குத் தேவை இரண்டு அடி இடம்தான், ஆனால் நாற்பது ட்ரக்டரும் போன பிறகுதான் அதற்கு வழி. உங்கள் 48 ஜிபி வீடியோ அந்த ட்ரக்டர் வரிசை, தங்கச்சியின் குரல் அந்த மோட்டார் சைக்கிள். வரிசையை நீளவிட்டுக்கொண்டே போகிற ரவுட்டர் எத்தனை ஆயிரம் ரூபா கொடுத்து வாங்கியதென்றாலும் இந்த இடத்தில் தோற்கும்.

இதற்கு மருந்து இருக்கிறது. கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறையிலிருந்து வந்த எஃப்க்யூ-கோடெல்லும், அதே வழியில் வளர்ந்து 2018இல் லினக்ஸ் 4.19 கேர்னலுக்குள் சேர்ந்த கேக் என்ற முறையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முறை வைத்து வாசலைத் திறக்கும். ட்ரக்டர் ஒன்று, மோட்டார் சைக்கிள் ஒன்று, மறுபடி ட்ரக்டர் ஒன்று. உங்கள் ரவுட்டரில் இவற்றில் ஒன்று இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

எந்த நோய் என்று அறிய, கணினியில் கூகிளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் (ஒரு செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டுக்கொண்டு பெரிய கோப்பொன்றை ஏற்றத் தொடங்குங்கள். வட்டக்கச்சியில் சும்மா இருந்தபோது 40 மில்லி விநாடி காட்டியது. ஏற்றம் தொடங்கி பத்து விநாடியில் 1,800க்குப் போனது. அது வரிசை நோய். பிங் ஏறாமல் நிற்க, புதுப் பக்கம் மட்டும் திறக்கவில்லையென்றால் அது பட்டியல் நோய். என் தம்பிக்கு இரண்டும் இருந்தது.

துறைகள், அதாவது ரவுட்டரில் வயர் கொளுவும் இடங்கள். வீட்டுக்குள்ளேயே கணினிக்குக் கணினி கோப்பு மாற்றுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். 100 மெகாபிட் துறையில் விநாடிக்கு 11 மெகாபைட் அளவுதான் போகும், கிகாபிட் துறையில் 110 அளவு. 60 ஜிபி கமராக் கார்டை மற்றக் கணினிக்கு மாற்ற முதலாவதில் ஒன்றரை மணித்தியாலம், இரண்டாவதில் பத்து நிமிடம். பெட்டியில் ஏசி1200 என்று இருப்பது 300ஐயும் 867ஐயும் கூட்டி முழுமையாக்கிய வைஃபை எண். துறையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டும் ஏசி1200தான். முதலாவதன் துறைகள் 100 மெகாபிட், இரண்டாவதன் துறைகள் கிகாபிட்.

மின்சாரமும் சூடும். இதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன். நம் இடத்தில் இது ஒரு சின்ன விஷயமல்ல.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த ரவுட்டரும் லைனின் ஏற்றுவேகத்தைக் கூட்டாது. 10 எம்பிபிஎஸ் ஏற்றுவேகத்தில் 48 ஜிபி ஏற 10 மணி 40 நிமிடம் வேண்டும். நல்ல ரவுட்டர் செய்வது, அந்தப் பத்தரை மணித்தியாலமும் விழாமல் நிற்பதும், வீட்டில் மற்றவர்களை வாழவிடுவதும்தான்.

## காசு செலவழிக்க முதல்

டொரன்ட் மென்பொருளின் அமைப்பைத் திறவுங்கள். க்யூபிட்டொரன்டில் மொத்த இணைப்பு 500 என்று வந்திருக்கும். அதை 150க்குக் குறையுங்கள். ஏற்றுவேகத்தை உங்கள் லைனின் உண்மையான ஏற்றுவேகத்தில் 80 சதவீதத்துக்குக் கட்டுங்கள். வீடியோவை மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றும் மென்பொருளிலும் வேக வரம்பு வைக்கும் இடம் பெரும்பாலும் இருக்கும். கோப்பு அனுப்புவது ஒரே ஒரு கணினிதான் என்றால் இவ்வளவோடு பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டு மூன்று பேர் தனித்தனியே ஏற்றுகிற வீட்டில் ஆளாளுக்குக் கட்டுப்பாடு போட முடியாது, அங்கேதான் ரவுட்டர் அந்த வேலையை எடுக்க வேண்டும்.

## 1. இணைப்புக்காரர் தந்த பெட்டி

ஃபைபர் எடுத்தால் சுவரில் ஒரு பெட்டி தருவார்கள், வைஃபையும் அதிலேயே வரும். காசு இல்லை, பழுதானால் அவர்களே மாற்றித் தருவார்கள், வீட்டில் யாரும் எதையும் படிக்கத் தேவையில்லை. நாலு போன், ஒரு ரிவி, எப்போதாவது ஒரு கோப்பு என்றால் இதை மாற்றவே வேண்டாம்.

கனக்க ஏற்றத் தொடங்கும்போது குறை தெரியும். ஏற்றுவரிசைக் கட்டுப்பாடு இருப்பதில்லை, அல்லது இருந்தாலும் பூட்டியிருக்கும். நிர்வாகக் கடவுச்சொல் முழுதாகத் தர மாட்டார்கள். வெளியிலிருந்து அவர்கள் அமைப்பை மாற்றும் வசதி இருப்பதால், நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்த மாற்றம் ஒரு நாள் காலையில் காணாமல் போகலாம். மறைந்த செலவு நேரம்தான்: வாரத்துக்கு நாலு முறை நிப்பாட்டிப் போடுவது, பாதியில் அறுந்த ஏற்றத்தை முதலிலிருந்து தொடங்குவது.

ஆனாலும் இதைத் தூக்கி எறிய முடியாது, ஃபைபர் இதில்தான் முடிகிறது. இதன் வைஃபையை அணைத்துவிட்டு, பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். மாற்றித் தந்தால் பட்டியல் எழுதும் வேலை முழுக்க உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும். மறுத்தால் உங்கள் ரவுட்டரை இதன் பின்னால் போட்டு இரட்டை நாட்டோடு (NAT, அதாவது முகவரி மாற்றிப் பட்டியல் எழுதும் வேலை இரண்டு பெட்டியிலும் நடப்பது) வாழலாம். ஏற்றுவரிசைக் கட்டுப்பாடு அப்போதும் முழுமையாக வேலை செய்யும். ஆனால் பட்டியல் முன்பெட்டியிலும் நிரம்பும், அதனால் டொரன்ட் இணைப்பு எண்ணிக்கையைக் குறைத்தே வைக்க வேண்டும்.

## 2. கடையில் வாங்கும் சாதாரண வைஃபை ரவுட்டர்

கிளிநொச்சி, வவுனியா கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருப்பது பெரும்பாலும் இதுதான். ஒரே வரியில் சொன்னால், வைஃபை எட்டாத அறைக்கு எட்ட வைக்க இது நல்லது, கோப்பு நெருக்கடிக்கு இது மருந்தல்ல. இவற்றில் வரும் க்யூஓஎஸ் என்ற பகுதி பல மாதிரிகளில் எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று கேட்கிறதே தவிர வரிசையின் நீளத்தைக் கட்டுப்படுத்துவதில்லை.

கம்பனி விடும் ஃபேர்ம்வெயர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு இரண்டு மூன்று வருடத்தில் நின்றுபோவதும் ஒரு மறைந்த செலவு. இணையத்தின் வாசலில் நிற்கும் பெட்டிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராமல் போவது எனக்குப் பயமான விஷயம்.

இதை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கிகாபிட் துறையும் 128 எம்பி ரேமும் உள்ளதைப் பாருங்கள், ஏனென்றால் நாளைக்கு அதையே அடுத்த வகையாக மாற்றலாம். ஏற்கனவே 100 மெகாபிட் துறையுள்ளது கையில் இருந்தால் ரவுட்டரை மாற்றாமலே ஒரு வழி உண்டு: 5 துறையுள்ள கிகாபிட் சுவிச் ஒன்றை வாங்கி, கணினிகளை அதில் வயரால் கொளுவி, சுவிச்சிலிருந்து ஒரு வயரை ரவுட்டருக்கு விடுங்கள். வீட்டுக்குள் கோப்பு மாறுவது சுவிச்சுக்குள்ளேயே நடக்கும், ரவுட்டரின் துறை குறுக்கே வராது. ஸ்டூடியோ வைத்திருக்கும் இரண்டு பேருக்கு நான் இதைத்தான் செய்துகொடுத்தேன்.

## 3. ஓப்பன்வர்ட் ஏற்றிய ரவுட்டர்

முழுப்பெயர் ஓப்பன் டபிள்யூஆர்டி. கதைக்கும்போது ஓப்பன்வர்ட் என்போம். 2002 கடைசியில் லிங்க்சிஸ் விட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்புப் பெட்டியின் மென்பொருள் மூலம் 2003இல் பொதுவாகக் கிடைத்தது. அதிலிருந்து 2004இல் பிறந்த திட்டம் இது. அந்தப் பெட்டியின் 2005ஆம் ஆண்டு 5ஆம் பதிப்பில் ரேமை 16 எம்பியிலிருந்து 8 எம்பிக்குக் குறைத்தார்கள். இருபது வருடம் கழித்தும் நாங்கள் பேசிக்கொண்டிருப்பது அதே ரேம் கதைதான்.

கோப்புப் பகிர்வுக்கு என் முதல் தெரிவு இதுவே. எஸ்க்யூஎம் என்ற வரிசைக் கட்டுப்பாட்டுப் பொதியை நிறுவி, கேக் முறையைத் தெரிவுசெய்து, ஏற்றுவேகமும் இறக்குவேகமும் அளந்ததில் 90 சதவீதமாக எழுதிச் சேமித்தால் முடிந்தது. இந்த மூன்றுக்கு மேல் தொடத் தேவையில்லை. பட்டியலின் அளவையும் கூட்டலாம், செத்த வரிகள் இரண்டு மணித்தியாலத்தில் தாமாகவே அழியும். கம்பனி கைவிட்ட பழைய பெட்டிக்கும் புதிய பாதுகாப்புத் திருத்தம் வரும்.

வாங்கும்போது கவனம் தேவை. 4 எம்பி பிளாஷ் (மென்பொருள் இருக்கும் சேமிப்பகம்), 32 எம்பி ரேம் உள்ள பழசுகளுக்கு 19.07 பதிப்போடு ஆதரவு முடிந்துவிட்டது. குறைந்தது 16 எம்பி பிளாஷ், 128 எம்பி ரேம் வேண்டும். அதைவிட முக்கியம் அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண். ஆர்ச்சர் சி6இன் 2ஆம் பதிப்புக்குள் குவால்கொம் சிப், 3ஆம் பதிப்புக்குள் மீடியாடெக். வெளியே இரண்டும் ஒரே பெட்டி, ஒரே நிறம். கடைக்காரரிடம் பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லி எண்ணைப் பார்த்து, ஓப்பன்வர்ட்டின் கருவிப் பட்டியலில் அந்தப் பதிப்பையே தேடிய பிறகுதான் காசு கொடுங்கள்.

மறைந்த செலவுகள்: உத்தரவாதம் பெரும்பாலும் போய்விடும். பிழையான கோப்பை ஏற்றினாலோ, ஏற்றும் நேரம் கரண்ட் போனாலோ பெட்டி எழும்பாமல் கிடக்கலாம், அதனால் யூபிஎஸ்ஸில் போட்டுத்தான் செய்ய வேண்டும். எஸ்க்யூஎம் ஓடும்போது எல்லாத் தரவுப் பொட்டலமும் பிராசசர் வழியாகவே போவதால், 300 எம்பிபிஎஸ் ஃபைபர் வைத்திருப்பவர் பழைய பெட்டியில் போட்டால் இறக்குவேகம் குறைந்து தெரியும். அப்படியானவர் ஏற்றுவேகத்துக்கு மட்டும் கட்டுப்பாடு போடலாம், நெருக்கடி அங்கேதான் இருக்கிறது. அல்லது மீடியாடெக் ஃபிலொஜிக் சிப் உள்ள புதியதுக்குப் போகலாம். குடி டபிள்யூஆர்3000 அந்த வகை, 256 எம்பி ரேம். காசு கூடச் செலவழிக்கக் கூடியவருக்கு ஜிஎல்-ஐநெட் ஃபிளின்ட் 2 இருக்கிறது: 1 ஜிபி ரேம், 2.5 கிகாபிட் துறை இரண்டு, அதன் சொந்த மென்பொருளே ஓப்பன்வர்ட் அடித்தளத்தில் கட்டியது என்பதால் உத்தரவாதக் கவலையும் குறைவு.

## 4. மைக்ரோடிக்

லத்வியாவின் ரீகாவில் 1996இல் தொடங்கிய கம்பனி. சிறிய இணையச் சேவைக்காரர்களும் அலுவலகங்களும் நம்பி வைக்கும் பெட்டி. மாதக்கணக்கில் நிப்பாட்டாமல் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஹெக்ஸ் ஆர்பி750ஜிஆர்3இல் 256 எம்பி ரேம், ஐந்து கிகாபிட் துறை, வைஃபை இல்லை. ஹாப் ஏஎக்ஸ்2இல் 1 ஜிபி ரேம், வைஃபை 6, ஐந்து கிகாபிட் துறை, யூஎஸ்பி இல்லை.

வன்னியில் இருப்பவருக்கு இதில் ஒரு தனி இலாபம் உண்டு, கொழும்பில் இருப்பவர் இதைக் கவனிக்க மாட்டார். அந்த ஹெக்ஸ் 8 முதல் 30 வோல்ட் வரை எதையும் ஏற்கும். சோலார் பட்டரியின் வோல்ட் இரவில் 11.8க்கு இறங்கும், நல்ல வெயிலில் சார்ஜ் ஆகும்போது 14.4க்கு ஏறும். 12 வோல்ட் என்று மட்டும் எழுதிய சாதாரண ரவுட்டரை அதில் நேரே கொளுவுவது ஆபத்து, இடையில் வோல்ட்டைச் சீராக்கும் மாற்றி போட வேண்டும். ஹெக்ஸை நேரே கொளுவலாம், பியூஸ் ஒன்று போட்டால் போதும். ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளூரில் சோலாரை நம்பி இருக்கும் வீடுகளுக்கு நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

விலை என்னவென்றால் படிப்பு. ரவுட்டர்ஓஎஸ் 7இலிருந்து கேக்கும் எஃப்க்யூ-கோடெல்லும் இருக்கின்றன, ஆனால் வரிசை நீங்களே கட்ட வேண்டும். பாஸ்ட்ராக் என்ற விதி இயல்பாகவே போட்டிருக்கும், அதை நிறுத்தாவிட்டால் பொட்டலங்கள் உங்கள் வரிசையைச் சுற்றிப் போய்விடும். "மைக்ரோடிக் வாங்கியும் பிங் ஏறுதே" என்று எனக்கு வரும் போன் அநேகமாக இந்த விதியில்தான் போய் முடிகிறது. அடுத்தது பாதுகாப்பு: 2018இல் வின்பாக்ஸ் என்ற அதன் நிர்வாக மென்பொருளின் ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வந்த பிறகும், புதுப்பிக்காமல் விட்ட பெட்டிகள் உலகம் முழுக்கத் தாக்கப்பட்டன. வாங்கியவுடன் புதுப்பிப்பதும், இயல்பாக வரும் தீச்சுவர் விதிகளை அழிக்காமல் வைப்பதும் கட்டாயம். வீட்டில் ஒருவராவது இதை விளங்கிக்கொள்ள வேண்டும். அமைத்துத் தந்தவர் வெளிநாடு போய்விட்டால் அந்தப் பெட்டியைத் தொட ஆளில்லை.

## 5. சிம் போடும் 4ஜி ரவுட்டர்

மல்லாவி, துணுக்காய் உள்பக்கங்களில், ஃபைபர் வராத ஒழுங்கைகளில், தெரிவே இதுதான். கேட்டகரி 4 என்ற தரத்து மோடம் உள்ளதில் தாளில் 150 எம்பிபிஎஸ் இறக்கம், 50 எம்பிபிஎஸ் ஏற்றம். உண்மையில் கிடைப்பது கோபுரமும் நேரமும் கொடுப்பது.

இங்கே மூன்று சிக்கல். முதலாவது, வேகம் மணிக்கு மணி மாறுவதால் கேக்குக்கு ஒரு நிலையான எண் எழுத முடியாது. பின்னேரம் எட்டு மணிக்கு அளந்த குறைந்த ஏற்றுவேகத்தை எழுதி வையுங்கள். ஓப்பன்வர்ட்டில் கேக்-ஓட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் வேகத்தைப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும். இரண்டாவது, சிஜிநாட். சிம் இணைப்பில் பொது ஐபி பெரும்பாலும் உங்களுக்கென்று கிடைக்காது, பலரோடு பங்கு. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டும் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் அதுதான் அடையாளம். அப்போது போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் கதவு எண்) திறந்து பயனில்லை. டொரன்ட் வேலை செய்யும், ஆனால் வெளியிலிருந்து வருவோர் குறைவு. வீட்டுக் கணினியை வெளியிலிருந்து எட்ட வேண்டுமென்றால் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை, அல்லது டெயில்ஸ்கேல் போன்ற தனிவழி இணைப்பு மென்பொருள் ஒன்று வேண்டும். மூன்றாவது டேட்டா அளவு. நடு இரவுக்குப் பிறகு தனி அளவு தரும் பொதி என்றால் ஏற்றத்தை அந்த நேரத்துக்கு வைப்பதே பெரிய சேமிப்பு.

கூரைக்கு மேல் அன்ரனா பூட்டி, பத்து மீட்டர் ஆர்ஜி58 வயரில் கீழே கொண்டுவருகிறார்கள். அந்த வயரிலேயே சமிக்ஞையில் நாலில் மூன்று பங்கு போய்விடும். மோடமும் அன்ரனாவும் ஒன்றாக உள்ள வெளிப்புறக் கருவியை மேலே பூட்டி, நெட்வேர்க் வயர் வழியாக மின்சாரமும் கொடுத்துக் கீழே இறக்குவதுதான் முறை. அதன் பின்னால் 3ஆம் அல்லது 4ஆம் வகை ரவுட்டர்.

2025 யூலையிலிருந்து ஸ்டார்லிங்கும் இலங்கையில் இருக்கிறது. கோபுரமே எட்டாத இடத்துக்கு நல்லது, ஆனால் வழமையான தட்டு 75 முதல் 100 வாட் இழுக்கும், அங்கும் சிஜிநாட்தான். சோலார் வீட்டில் அந்த வாட்டை இரவு முழுக்கத் தாங்கப் பட்டரி எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்துவிட்டு எடுங்கள்.

## பக்கத்தில் பக்கமாக

| வகை | நிறைய இணைப்பு | ஏற்றுவரிசை | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| இணைப்புக்காரர் பெட்டி | சீக்கிரம் நிரம்பும் | கட்டுப்பாடு இல்லை | அறுந்த ஏற்றம், நேரம் | எப்போதாவது அனுப்பும் வீடு |
| கடை ரவுட்டர் | மாதிரியைப் பொறுத்து | பெயரளவில் | திருத்தம் நின்றுபோவது | வைஃபை எட்டாத அறை |
| ஓப்பன்வர்ட் | நன்றாகத் தாங்கும் | கேக், இரண்டு எண் | உத்தரவாதம், பதிப்புத் தேடல் | தினமும் ஏற்றும் பெரும்பாலான வீடு |
| மைக்ரோடிக் | மிக நன்றாகத் தாங்கும் | கேக், நீங்களே கட்ட வேண்டும் | படிப்பு, புதுப்பிப்பு | சோலார் வீடு, தெரிந்தவர் உள்ள வீடு |
| 4ஜி பெட்டி தனியே | குறைவு | வேகம் மாறுவதால் கடினம் | டேட்டா, சிஜிநாட் | வேறு வழி இல்லாத இடம் |

## கரண்டும் இடியும் தகரமும்

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களை நாங்கள் மறக்கவில்லை. இப்போது அவ்வளவு இல்லை, ஆனால் பத்து விநாடி போய் வந்தாலே பத்து மணித்தியால ஏற்றம் அறுந்துவிடும். சின்ன டிசி யூபிஎஸ் வாங்குங்கள், ஆனால் லேபலை அப்படியே நம்பாதீர்கள். 8,800 மில்லி அம்பியர் மணி என்பது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 32 வாட் மணி. ரவுட்டர் 8 வாட், ஃபைபர் பெட்டி 6 வாட் என்றால் இழப்பும் சேர்த்து இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியும். ஃபைபர் பெட்டியையும் சேர்த்துக் கொளுவ மறப்பவர்கள் அதிகம். ரவுட்டர் மட்டும் எரிந்து என்ன பயன்?

சித்திரை இடியும் ஐப்பசி இடியும் செப்புத் தொலைபேசி வயர் வழியாகவும் வீட்டுக்குள் வரும். ஃபைபர் இழை மின்சாரம் கடத்தாது. வீட்டிலிருந்து வளவின் கோடியில் இருக்கும் ஸ்டூடியோவுக்கு நெட்வேர்க் வயரை வெளியால் இழுத்திருப்பவர்கள் அதை ஃபைபராக மாற்றி இரு முனையிலும் மாற்றிப் பெட்டி போட்டால், ஒரு கட்டடத்தில் விழுந்த இடி அந்த வயர் வழியாக மற்றதன் கணினியைச் சுடாது.

ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 பாகை வரைக்கும்தான் என்று தாளில் எழுதியிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரியின் மேல், வெயில் காலத்துப் பின்னேரத்தில் அது சுலபமாகத் தாண்டும். நெஞ்சளவு உயரத்தில் சுவரில் பூட்டுங்கள். தகரம் ரேடியோ அலையையும் மறிக்கும், தகரத் தடுப்புக்குப் பின்னால் உள்ள அறைக்கு வைஃபையை நம்ப வேண்டாம், வயர்தான். நம் வீடுகள் வளவோடு தள்ளித் தள்ளி இருப்பதால் அயலவரின் சமிக்ஞை நெரிசல் குறைவு. கொழும்புத் தொடர்மாடியில் பயனற்றுப்போன 2.4 கிகாஹேர்ட்ஸ் இங்கே இன்னும் நன்றாக வேலை செய்கிறது. 1, 6, 11 மூன்றில் ஒரு சானலில் நிரந்தரமாக வையுங்கள்.

## ரவுட்டரிலேயே ஹார்ட் டிஸ்க் கொளுவலாமா?

கனபேர் கேட்பது. என் பதில், வேண்டாம். யூஎஸ்பி 2 துறையில் வேகம் வராது. யூஎஸ்பி 3 துறை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபைக்கு இரைச்சல் கொடுக்கும் என்று இன்டெல் 2012இலேயே எழுதி வைத்திருக்கிறது. பழைய ரவுட்டர்கள் பல எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையில் மட்டும் பகிரும், 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது இயல்பாக அணைந்திருக்கும். டிஸ்க்கை நடத்தும் வேலையை ரவுட்டரின் தலையில் கட்டினால் இணைப்புப் பட்டியலுக்கான ரேம்தான் குறையும். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு வயரால் கொளுவுங்கள், டொரன்டும் பகிர்வும் அதிலேயே ஓடட்டும். பட்டரியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

## வட்டக்கச்சியில் கடைசியில் செய்தது

இணைப்புக்காரரின் பெட்டியில் வைஃபையை அணைத்து, பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்கினோம். பின்னால் 128 எம்பி ரேம் உள்ள பழைய கிகாபிட் ரவுட்டர் ஒன்றில் ஓப்பன்வர்ட். ஏற்றுவேகம் 10 எம்பிபிஎஸ் என்று அளந்தோம், 9 என்று எழுதினோம். பின்னறைக்கு வயர் இழுத்தோம். டொரன்ட் இணைப்பை 150க்குக் குறைத்தோம். இரண்டு பெட்டியும் ஒரே டிசி யூபிஎஸ்ஸில். எழுதிய எண்களையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினான், நான் இல்லாத நேரம் தங்கச்சியும் பார்க்கலாம் என்று.

அன்று இரவு ஏழு மணிக்கு 48 ஜிபி ஏறத் தொடங்கியது. அதே நேரம் அவளுக்குக் கிளாஸ். பிங் 55ஐச் சுற்றி நின்றது. நான் கிளிநொச்சிக்குத் திரும்பிவிட்டேன். காலை ஏழு மணிக்கு வட்ஸ்அப்பில் செய்தி இருந்தது: "முடிஞ்சுது அண்ணை. லிங்கை ரொறொன்ரோவுக்கு அனுப்பீட்டன். ராத்திரி ஒருக்காலும் ஓஃப் பண்ணேல்லை."